கரியமில வாயு ஏறிய நோயாளி: ஐ.சி.யூ. பணிக்கு வருபவர்களுக்குப் படிப்படியான முழு வழிகாட்டி

சென்னையின் ஐ.சி.யூ.க்களில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும், இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயங்கிக்கொண்டிருக்கும் நோயாளியின் கட்டிலருகே புதியவர்கள் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பாடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் குழம்புகிறது. ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) எடுப்பதற்குள் பத்து லிட்டர் ஆக்சிஜன் ஓடிவிடுகிறது. மாஸ்க்கைக் கட்டிய பிறகு வெளிமூச்சுத் துளை எங்கே என்று தேடுகிறார்கள்.

இந்த வரிசை பெரியவர்களுக்கானது. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளியை மனத்தில் வைத்தே பெரும்பகுதியை எழுதியிருக்கிறேன். மற்ற காரணங்களில் எங்கே பாதை பிரிகிறது என்பதை அங்கங்கே சொல்கிறேன். உங்கள் பிரிவின் நெறிமுறையோ மூத்த மருத்துவரின் முடிவோ வேறாக இருந்தால் அதன்படியே நடங்கள்.

1. நோயாளி வருவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டியவை

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் வருகிறது: "சாச்சுரேஷன் 99 இருக்கிறது, ஆனால் தூங்கி வழிகிறார்." இந்த ஒரு வரியே கரியமில வாயுவைச் சந்தேகிக்கப் போதும். விரலில் மாட்டும் கருவி சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். கரியமில வாயு இரு மடங்கு ஏறியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

கட்டிலருகே இருக்க வேண்டியவை: வென்ச்சுரி மாஸ்க் (குறித்த சதவீத ஆக்சிஜனை மட்டும் தருவது), ஏபிஜி ஊசி, மூன்று அளவுகளில் பைபாப் மாஸ்க், சோதித்து வைத்த பைபாப் இயந்திரம் (மாஸ்க் வழியாக இரண்டு அழுத்தங்களில் காற்றைத் தந்து மூச்சுக்கு உதவுவது), ஓடுகிற சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி), ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), காற்றில் ஓடும் நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கித் தரும் கருவி). மூச்சுப்பாதைக்குள் குழாய் போடும் டிராலியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாஸ்க் சிகிச்சை தோற்கும்போது அதைத் தேடி ஓட நேரம் இருக்காது.

வெளிமூச்சுத் துளையை இப்போதே பாருங்கள். ஒற்றைக் குழாய் உள்ள பைபாப் இயந்திரத்தில் நோயாளி விடும் மூச்சு, மாஸ்க்கிலோ குழாயிலோ உள்ள துளை வழியாகத்தான் வெளியேறும். உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் தனித்தனிக் குழாய் உள்ள வென்டிலேட்டருக்குத் துளையில்லாத மாஸ்க் வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? துளையே இல்லாத ஒற்றைக் குழாயில் நோயாளி தான் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பார். வென்டிலேட்டரில் துளையுள்ள மாஸ்க்கைப் போட்டால் கசிவு அலாரம் ஓயாது. துளையிலிருந்து காற்று வருகிறதே என்று பிளாஸ்திரி ஒட்டி அடைப்பவர்களும் உண்டு. அந்தத் துளை அடைபடவே கூடாது.

2. ஆக்சிஜனை அளந்து கொடுங்கள்

வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். கரியமில வாயு ஏறும் அபாயம் உள்ளவருக்கு சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இருந்தால் போதும். வென்ச்சுரி மாஸ்க்கில் 24 அல்லது 28 சதவீதத்தில் தொடங்குங்கள். மாஸ்க்கின் நிறத்தை நம்ப வேண்டாம். நிறக்குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தையும் லிட்டர் கணக்கையும் படியுங்கள்.

அதிக ஆக்சிஜன் ஏன் கெடுக்கிறது? மூச்சுவிடும் தூண்டுதல் நின்றுவிடும் என்பதைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அதற்குச் சிறு பங்கு உண்டு. பெரிய பங்கு வேறு. கெட்டுப்போன நுரையீரல் பகுதிகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களை உடல் சுருக்கி வைத்திருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அவை விரிந்து, காற்றே போகாத இடத்துக்கு ரத்தம் ஓடும். ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினும் தன்னிடமிருந்த கரியமில வாயுவைக் கீழே இறக்கிவிடும்.

இதைப் படித்த பயத்தில் ஆக்சிஜனைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் சாச்சுரேஷன் முன்பிருந்ததைவிடக் கீழே விழும். படிப்படியாகக் குறைத்து 88க்கும் 92க்கும் நடுவில் நிறுத்துங்கள். ஆக்சிஜன் குறைவு நிமிடங்களில் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். 80இல் இருப்பவருக்குக் கரியமில வாயுவுக்குப் பயந்து ஆக்சிஜனை மறுப்பது பெரும் பிழை.

நெபுலைசர் விஷயத்தில் கவனம் தேவை. சுவரில் உள்ள ஆக்சிஜனில் மாட்டி ஓடவிடுவது பல வார்டுகளில் பழக்கமாகிவிட்டது. இந்த நோயாளிக்குக் கம்ப்ரசர் காற்றில் ஓட்டி, தேவையான ஆக்சிஜனை மூக்குக் குழாயில் தனியாகக் கொடுங்கள். கம்ப்ரசர் கிடைக்காவிட்டால் ஆக்சிஜனில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

3. ஏபிஜி எடுத்துப் படிப்பது

மணிக்கட்டுத் தமனியில் எடுங்கள். ஊசியில் ஹெப்பாரின் உள்சுவரை நனைத்தால் போதும், மீதியைத் தள்ளிவிடுங்கள். திரவ ஹெப்பாரின் மிஞ்சினால் ரத்தம் நீர்த்துக் கரியமில வாயு குறைவாகத் தெரியும். காற்றுக் குமிழும் அதையே செய்யும். தவறான நல்ல செய்தியைப் போல ஆபத்தானது இங்கே எதுவுமில்லை. மாதிரியை அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் வையுங்கள். எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எத்தனை சதவீத ஆக்சிஜனில் எடுத்தது என்பதைத் தாளில் எழுதுங்கள்.

படிக்கும்போது முதலில் பி.எச். (ரத்தத்தின் அமில, கார அளவு; குறைந்தால் அமிலம்), பிறகு கரியமில வாயு, கடைசியில் பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்ய உடல் சேர்த்துவைக்கும் காரம்). கரியமில வாயு 45 மி.மீ. பாதரசத்துக்கு மேலும் பி.எச். 7.35க்குக் கீழும் இருந்தால் உடல் சமாளிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். கரியமில வாயு மட்டும் 60 இருந்து, பி.எச். 7.38 இருந்தால், அது அவருடைய பழைய நிலையாக இருக்கலாம். அவசரப்பட வேண்டியது பி.எச்.சைப் பார்த்துத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: பி.எச். 7.25, கரியமில வாயு 80, பைகார்பனேட் 34. கரியமில வாயு 40இலிருந்து 80க்குப் போயிருக்கிறது, நாலு பத்துகள். இன்றே ஏறியிருந்தால் ஒவ்வொரு பத்துக்கும் பைகார்பனேட் வழக்கமான 24இலிருந்து ஒன்று கூடி, சுமார் 28 இருக்கும். மாதக்கணக்கில் ஏறியிருந்தால் பத்துக்கு மூன்றரை முதல் நாலு கூடி 38, 40 என்று நிற்கும். 34 என்பது இரண்டுக்கும் நடுவில். ஏற்கெனவே உயர்ந்திருந்தவருக்கு இப்போது மேலும் ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கு எட்டாம் பிரிவில் மீண்டும் உதவும். தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஆஸ்துமா நோயாளியிடம் மட்டும் கணக்கே வேறு. வேகமாக மூச்சிரைப்பவருக்குக் கரியமில வாயு குறைந்திருக்க வேண்டும். 40 என்று "நார்மல்" வந்தால் அவர் களைத்துவிட்டார் என்று அர்த்தம். உடனே மூத்தவரை அழையுங்கள்.

4. ஏன் ஏறியது என்று தேடுங்கள்

மாஸ்க் நேரம் வாங்கித் தரும். காரணத்தைத் தீர்க்காது. ஸ்டெதாஸ்கோப், எக்ஸ்ரே, வீட்டாரிடம் ஐந்து கேள்விகள். இவை ஏபிஜி முடிவு வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

புகைபிடித்தாரா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். ஒரு பீடிகூடத் தொடாத அம்மாக்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் ஊதி ஊதி சி.ஓ.பி.டி.யோடு வருகிறார்கள். "எந்த அடுப்பில் சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பழைய காசநோயைக் கேளுங்கள். தாம்பரம் சானடோரியத்திலோ ஓட்டேரியிலோ எப்போதாவது சிகிச்சை பெற்றாரா என்றால் பெயர் சொல்லத் தெரியாதவர்களும் தலையாட்டுவார்கள். மிகவும் பருமனானவரா, பெருங்குறட்டை விடுபவரா, முதுகு வளைந்தவரா, தூக்க மாத்திரை சாப்பிட்டாரா என்பதும் அந்தப் பட்டியலில் வரும்.

நுரையீரல் சுத்தமாக இருந்து கரியமில வாயு ஏறினால் தசையை நினையுங்கள். புறநகரில் தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் இமை தொங்க வந்தால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கடித்த தடமே தெரியாமல் போகக்கூடும். பூச்சிமருந்து, தசையைத் தளரவைக்கும் நோய்களான கில்லன் பாரே, மையஸ்தீனியா ஆகியவையும் இப்படி வரும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். 20ஐ எட்ட முடியாவிட்டாலோ, நேரம் போகப் போக எண்ணிக்கை சுருங்கினாலோ மூச்சுத் தசை தோற்கிறது. எச்சில் விழுங்க முடியாதவருக்கு மாஸ்க் கட்டிக் காலம் கடத்தாதீர்கள்.

சி.ஓ.பி.டி. என்றால் சால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம் நெபுலைசர், ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். இவற்றை மாஸ்க்குக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் பாருங்கள். இவை குறைந்தால் மூச்சுத் தசை சோர்ந்துபோகும்.

5. மாஸ்க் வைக்கும் முன் ஒரு நிமிட நிறுத்தம்

மூச்சு நின்றவர், வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர், சளியைத் துப்பவோ விழுங்கவோ முடியாதவர், முகத்தில் பெருங்காயம் உள்ளவர், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவர் ஆகியோருக்கு மாஸ்க் பொருந்தாது. நியுமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று தேங்குவது) இருந்தால் முதலில் நெஞ்சுக்குழாய். கரியமில வாயுவால் வந்த மயக்கம் மட்டுமே என்றால், ஐ.சி.யூ.வில், பக்கத்திலேயே நின்று முயன்று பார்க்கலாம். பலர் ஒரு மணி நேரத்தில் கண் திறப்பார்கள்.

மாஸ்க் தோற்றால் வென்டிலேட்டருக்குப் போவதா என்பதை இப்போதே குடும்பத்தாரோடு பேசுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு, வராந்தாவில், கையெழுத்துத் தாளோடு பேச வேண்டிய பேச்சு அன்று அது. நோயாளி பேசும் நிலையில் இருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள்.

6. மாஸ்க்கைக் கையில் பிடித்துத் தொடங்குங்கள்

பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. தவிக்கும் ஒருவரின் முகத்தில் பிளாஸ்டிக்கை அழுத்தி, பட்டையை இறுக்கி, பெருங்காற்றை ஊதினால் யாராக இருந்தாலும் பிடுங்கி எறிவார்கள். "கோ-ஆபரேட் செய்யவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், அவருக்கு யாராவது விளக்கினார்களா என்று பாருங்கள்.

தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்துங்கள். கண் மட்டத்துக்குக் குனிந்து சொல்லுங்கள்: "ஐயா, காற்று வேகமாக வரும். நீங்கள் இழுக்கும்போது அதுவே உள்ளே தள்ளும், விடும்போது விட்டுவிடும். வேண்டாமென்றால் கையைத் தூக்குங்கள், உடனே எடுத்துவிடுகிறேன். ஐந்து மூச்சு மட்டும் என்னோடு சேர்ந்து இழுங்கள்." நெல்லூர், சித்தூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்காக "ஊப்பிரி பீல்ச்சண்டி" (மூச்சை இழுங்கள்), "வதலண்டி" (விடுங்கள்) என்ற இரண்டு தெலுங்குச் சொற்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். மொழி புரியாத பயமும் மூச்சிரைப்பைக் கூட்டும்.

மாஸ்க்கின் மேல்முனை மூக்குத் தண்டின் மேல், கீழ்முனை கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே. தாடையைத் தாண்டித் தொங்கினால் அளவு பெரிது. பட்டை கட்டாமல் சில நிமிடங்கள் உங்கள் கையாலேயே பிடியுங்கள். மூச்சு இயந்திரத்தோடு இசைந்த பிறகு கட்டுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிவைக் கண்டால் எல்லோரும் செய்வது இறுக்குவது; அதைவிட மாஸ்க்கைத் தூக்கி மறுபடி உட்காரவைப்பது பலன் தரும். மூக்குத் தண்டில் தோலைக் காக்கும் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டு முதல் மணி நேரத்திலேயே போடுங்கள். புண் வந்தபின் ஒட்டினால் மாஸ்க்கைத் தொடர முடியாது.

மாஸ்க்குக்கும் குழாய்க்கும் நடுவே எச்.எம்.இ. வடிகட்டியை (விடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைப்பது) செருகாதீர்கள். அந்த இடத்தில் விட்ட மூச்சு தேங்கி மறுபடி உள்ளே போகும். ஈரப்பதம் தேவையென்றால் சூடாக்கும் ஹியூமிடிஃபையர் வைக்கலாம்.

வெளியே நிற்கும் மகனிடமும் மகளிடமும் இதே விளக்கத்தைச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, கழற்றிவிடுங்கள்" என்று அவர்கள் அழுவது நியாயமே. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கூடவே ஒன்றை அழுத்தமாகச் சொல்லுங்கள்: சிஸ்டரைக் கேட்காமல் காபியோ இட்லியோ ஊட்டக் கூடாது. மயக்கத்தில் உள்ளவர் வாயில் போன உணவை மாஸ்க் காற்று நுரையீரலுக்குள் தள்ளிவிடும்.

7. அழுத்தத்தை ஏற்றும் முறை

ஈபாப் (மூச்சை விடும்போது இருக்கும் அழுத்தம்) 4 அல்லது 5, ஐபாப் (மூச்சை இழுக்கும்போது தரும் அழுத்தம்) 10 முதல் 12 வரை வைத்துத் தொடங்குங்கள். நோயாளி தானாக இழுக்காதபோது இயந்திரம் தரும் மாற்று மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 12 முதல் 16. பிறகு ஐந்து, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஐபாப்பை இரண்டிரண்டாகக் கூட்டி, தாங்கினால் அரை மணி நேரத்துக்குள் 20 வரை போங்கள். நெஞ்சு கண்ணுக்குத் தெரிய உயர வேண்டும், மூச்சு எண்ணிக்கை குறைய வேண்டும்.

கரியமில வாயுவை வெளியேற்றுவது இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே உள்ள இடைவெளி. அடிபம்பின் கைப்பிடி எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறதோ அவ்வளவு தண்ணீர் வரும். பம்பையே மேடை மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் கூடாது. 12/5 (ஐபாப்/ஈபாப்) போதவில்லை என்று 15/8 வைப்பவர்கள் பம்பை மேடையில் ஏற்றுகிறார்கள். இடைவெளி அதே ஏழுதான். ஈபாப்பை 4க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்; துளை வழியாகப் பழைய காற்றை வெளியேற்ற அந்த ஓட்டம் வேண்டும். பருமனானவருக்கும் தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவருக்கும் ஈபாப் கூடுதலாகத் தேவைப்படும். அப்போது ஐபாப்பும் சேர்ந்து உயர வேண்டும்.

தொடங்கிய இடத்திலேயே 10/5இல் இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் "பைபாப் தோல்வி" என்று எழுதுவது நான் பார்க்கும் மிகச் சாதாரணமான பிழை. அந்த நோயாளிக்குச் சிகிச்சையே சரியாகத் தொடங்கவில்லை.

8. முதல் மணி நேரம், அதன் பிறகு

முதல் ஒரு மணி நேரம் கட்டிலை விட்டு நகராதீர்கள். ஆள் இல்லை என்பது தெரியும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மற்ற கட்டில்களைப் பக்கத்துச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். பார்க்க வேண்டியவை: விழிப்பு, மூச்சு எண்ணிக்கை, கழுத்துத் தசை இழுப்பு, கசிவு, ரத்த அழுத்தம். இவற்றில் விழிப்புதான் எனக்கு முதன்மையானது. அமைதியாகிவிட்டார் என்று நிம்மதியடையும் முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அமைதி முன்னேற்றமாகவும் இருக்கலாம், கரியமில வாயு மயக்கமாகவும் இருக்கலாம்.

படபடப்போடு மாஸ்க்கைப் பிடுங்குபவருக்கு மிடசோலாம், லோராசெபாம் போன்ற மயக்க மருந்து கொடுத்து அடக்காதீர்கள். அந்தப் படபடப்பே பெரும்பாலும் கரியமில வாயுவின் வேலை. கசிவா, அழுத்தம் போதவில்லையா, சளியா, சிறுநீர் முட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஏபிஜி, பிறகு நாலு முதல் ஆறு மணி நேரத்தில் ஒன்று. பி.எச். ஏறி, மூச்சு எண்ணிக்கை குறைந்தால் தொடருங்கள். முதல் 24 மணி நேரத்தில் மருந்துக்கும் உணவுக்கும் மட்டும் சிறு இடைவேளை. கரியமில வாயு இறங்கவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: சாச்சுரேஷன் 97 என்று ஆக்சிஜன் மிஞ்சி ஓடுகிறதா, கசிவு, வெளிமூச்சுத் துளை, அழுத்த இடைவெளி, சளி, புதிய நியுமோதொராக்ஸ். எளிதில் திருத்தக்கூடியவை முன்னால் இருப்பதால் இந்த வரிசை.

கரியமில வாயுவை 40க்குக் கொண்டுவர வேண்டும் என்று துரத்தாதீர்கள். மூன்றாம் பிரிவில் பார்த்தவருக்குப் பைகார்பனேட் 34 இருக்கிறது. கரியமில வாயுவை வேகமாக 40க்கு இறக்கினால் ரத்தம் காரமாகி, இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பும் வரலாம், மூச்சுத் தூண்டுதலும் மங்கும். இலக்கு பி.எச்.தான். அமிலத்தைச் சரிசெய்யப் பைகார்பனேட் ஏற்றுவதும் வேண்டாம். அது உடலில் கரியமில வாயுவாக மாறும், அதை வெளியேற்றத்தான் இவரால் முடியவில்லை.

9. குழாய் போட வேண்டி வந்தால்

இரண்டு மணி நேரம் சரியாக முயன்றும் பி.எச். 7.25க்குக் கீழே, மூச்சு 35க்கு மேல், அல்லது விழிப்பு குறைந்துகொண்டே போகிறது என்றால் மூத்தவரை அழைத்துக் குழாய்க்குத் தயாராகுங்கள். இன்னொரு மணி நேரம் பார்க்கலாம் என்ற நப்பாசையில்தான் திடீர் இதய நிறுத்தங்கள் நேர்கின்றன.

குழாய் போட்ட பிறகு ஆம்பு பையை வேகமாக அழுத்துவது பெரும் ஆபத்து. சி.ஓ.பி.டி., ஆஸ்துமா நோயாளிகளுக்குக் காற்று மெதுவாகத்தான் வெளியே வரும். அதற்குள் அடுத்ததை அடைத்தால் நெஞ்சில் காற்று தேங்கி, இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் ரத்த அழுத்தம் சரியும். அப்படிச் சரிந்தால் உடனே குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிக் காற்றை வெளியேற விடுங்கள். அழுத்தம் மீளாவிட்டால் நியுமோதொராக்ஸைத் தேடுங்கள்.

வென்டிலேட்டரில் டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் செலுத்தும் காற்று) கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. கிலோ என்பது தராசு எடையன்று, உயரத்திலிருந்து கணக்கிட்டது. ஆணுக்கு 50 உடன், 152.4ஐத் தாண்டிய ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்டுங்கள், பெண்ணுக்கு 45.5 உடன் கூட்டுங்கள். 165 செ.மீ. ஆணுக்குச் சுமார் 61 கிலோ. ஆகவே 370 முதல் 490 மி.லி. வரை. மூச்சு எண்ணிக்கை 10 முதல் 14. வெளிமூச்சுக்கு உள்மூச்சைப் போல மூன்று பங்கோ அதற்கு மேலோ நேரம். பிளாட்டோ அழுத்தம் (உள்மூச்சின் முடிவில் காற்றை நிறுத்தி அளப்பது) 30ஐத் தாண்டக் கூடாது. பி.எச். 7.20க்கு மேல் நின்றால் கரியமில வாயு உயர்ந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். தலைக்குள் அழுத்தம் கூடியவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. குழாயை எடுத்தவுடன் நேராக பைபாப் மாஸ்க்குக்கு மாற்றத் தயாராக வையுங்கள்.

10. வீட்டுக்கு அனுப்பும் முன்

டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: "ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 வரை." கடைசி ஏபிஜி எண்களும் அதில் இருக்கட்டும். அடுத்த முறை 108 ஆம்புலன்ஸில் ஏறும்போது வீட்டார் அதை நீட்டினால், இந்த வழிகாட்டியின் இரண்டாம் பிரிவு வழியிலேயே தொடங்கிவிடும். போகிப் புகை, தீபாவளிப் புகை நாட்களில் சன்னலைச் சாத்தி உள்ளே இருக்கச் சொல்லுங்கள். இன்ஹேலரை நம் கண்முன் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். "தெரியும்" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

வீட்டு பைபாப்பை எல்லோருக்கும் உடனே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. சி.ஓ.பி.டி. நோயாளிக்கு, நோய் தணிந்து இரண்டு முதல் நாலு வாரம் கழித்து ஏபிஜி எடுங்கள். அப்போதும் கரியமில வாயு 53க்கு மேல் நின்றால் இரவு நேர பைபாப் பலன் தரும். இயந்திரம் வாங்குபவரிடம் மின்வெட்டைப் பற்றிப் பேசுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் மின்சாரம் மணிக்கணக்கில் போகிறது. இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஹியூமிடிஃபையர் சூடோடும் அது இல்லாமலும் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்து, அந்த நேரத்தை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.